சடையனின் கன்னப்பை

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு பெரிய அத்திமரம் இருந்தது. மரத்தின் மேலே குரங்குக் கூட்டம். மரத்தின் கீழே புள்ளிமான் கூட்டம். குரங்குகள் கடித்துப் போடும் பழங்களை மான்கள் பொறுக்கித் தின்னும்.

இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டு. பழம் தின்னும் நேரத்தில் ஒரு குரங்கு மட்டும் உச்சிக் கிளையில் உட்கார்ந்து காவல் காக்கும். சிறுத்தையின் தலை தெரிந்தால் "கக், கக்" என்று கத்தும். உடனே எல்லோரும் ஓடிவிடுவார்கள். காவல் குரங்கு முதலிலேயே வயிறாரத் தின்றுவிட்டுத்தான் மேலே ஏறும். இறங்கும்வரை ஒன்றும் தின்னக் கூடாது.

அன்று காவல் முறை சடையனுக்கு.

சடையனுக்கு ஒரு குணம். மழை வந்தால் பசிக்கும். வெயில் அடித்தால் பசிக்கும். யாராவது திட்டினால் பசிக்கும், கொஞ்சினால் இன்னும் கொஞ்சம் பசிக்கும். அடுத்தவர் வாய் அசைவதைப் பார்த்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்.

"வயிறு நிரம்பிடுச்சா?" என்று கேட்டாள் கூட்டத்தின் தலைவி பொன்னாயி.

"கழுத்து வரைக்கும்" என்றான் சடையன்.

"அப்ப மேலே போ. மான் மருதி குட்டி போட்டிருக்கா. அந்தக் குட்டிக்கு இன்னும் நேரா ஓடவே தெரியல. உன் கண்ணை நம்பித்தான் அது கீழே நிக்குது."

சடையன் உச்சிக்குப் போய் உட்கார்ந்தான். ஆறு ஓடியது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தான். ஆறு அப்படியே ஓடியது. கொக்கும் அப்படியே நின்றது. வேறு எதுவுமே நடக்கவில்லை. அவன் கை மெல்ல வயிற்றைத் தடவியது.

"மருதி, எனக்குப் பசிக்குது" என்று கீழே பார்த்துச் சொன்னான்.

மருதி நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். "இப்பத்தானே தின்னே?"

"அது அப்ப. இது இப்ப."

"அப்படியா? பாவம், காவல்காரன் மயங்கி விழக் கூடாது. உன் பக்கத்துல இலைக்கொழுந்து இருக்கு பாரு, அதைத் தின்னு. பொன்னாயிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சடையன் முகத்தைச் சுளித்தான். "கொழுந்தா? அது துவர்க்கும். சிவந்த பழமா ரெண்டு இருந்தா தேவலை."

"நிஜமாப் பசிச்சா கொழுந்தும் இறங்கும் சடையா. பழம்தான் வேணும்னா, பேசுறது உன் நாக்கு. வயித்தைக் கேட்டுப் பாரு."

"உன் வயித்துக்கு நாலு அறை. எந்த அறைக்குப் பசின்னு நீ உட்கார்ந்து விசாரிக்கலாம். எனக்கு இருக்கிறது ஒண்ணு. எப்பக் கேட்டாலும் அது ஆமாம்னுதான் சொல்லும்."

மருதி சிரித்துவிட்டு மறுபடி அசைபோடத் தொடங்கினாள்.

கீழ்க்கிளைகளில் எல்லோருடைய வாயும் அசைந்தது. சடையனால் தாங்க முடியவில்லை. அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. குரங்குகளுக்குத்தான் கன்னத்தில் பை இருக்கிறதே! தின்னத்தானே கூடாது? வாயில் வைத்துக்கொண்டால் அது தின்பது ஆகாது. முறை முடிந்ததும் மெதுவாக மென்று கொள்ளலாம்.

ஒரு பழத்தை இடது கன்னத்தில் ஒதுக்கினான். அந்தப் பக்கம் மட்டும் கனத்தது. சரிசமமாக இருக்கட்டும் என்று வலது கன்னத்திலும் ஒன்று. பிறகு இடதில் இன்னும் இடம் இருப்பதாகத் தோன்றியது. இப்படியே சரிபார்த்துச் சரிபார்த்து, அவன் முகம் பூசணிக்காய் போல ஆகிவிட்டது.

அப்போதுதான் கொக்கு பறந்தது. நாணல் அசைந்தது. நாணலுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள்.

சிறுத்தை!

காற்று மான்களிடமிருந்து சிறுத்தையை நோக்கி வீசியது. அதனால் மருதிக்கு வாடை தெரியவில்லை. அவள் குட்டியோ நாணல் பக்கமாகவே ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு போனது.

சடையன் கத்தினான். "ம்ப், ம்ப்" என்றுதான் வந்தது.

"என்ன, உச்சியில ஏப்பச் சத்தம்?" என்றது ஒரு குரங்கு. மற்றவை சிரித்தன.

சடையன் புறங்கையால் கன்னத்தை அழுத்தினான். ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியிருந்த பழங்கள் பசைபோல் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. சிறுத்தை வயிற்றைத் தரையோடு ஒட்டி ஊர்ந்தது. குட்டி இன்னும் ஓர் எட்டு வைத்தது.

சடையன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.

கிளைகள் முறிய, இலைகள் பறக்க, குட்டிக்கும் சிறுத்தைக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தான். விழுந்த வேகத்தில் இரண்டு கன்னமும் வெடித்துக் காலியாயின. பழக்கூழ் முழுவதும் சிறுத்தையின் மூஞ்சியில் அப்பியது.

"கக்! கக்!"

மரமே அலறியது. மருதி ஒரே பாய்ச்சலில் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். கண் தெரியாமல் சிறுத்தை வீசிய நகம் சடையனின் முதுகைக் கீறியது. அவன் எப்படி மரமேறினான் என்று அவனுக்கே தெரியாது.

சிறுத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டது. "எத்தனையோ குரங்கைப் பார்த்திருக்கேன். விருந்தாளி முகத்துல துப்புறவனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்று உறுமியபடி நாணலுக்குள் போய்விட்டது.

பொன்னாயி வந்தாள். "காவல்ல இருக்கும்போது தின்னியா?"

"தின்னல. வச்சிருந்தேன்."

"வாய் இருக்கிறதே கத்தத்தானே? அதுல மூட்டை கட்டி வச்சா யார் கத்துறது? இனிமே உனக்குக் காவல் இல்லை."

சடையன் தலை குனிந்தான். அவன் முதுகில் ரத்தத்தைப் பார்த்ததும் பொன்னாயியின் குரல் தணிந்தது. நல்ல பழமாக ஒன்றைப் பறித்து நீட்டினாள். "சரி, இந்தா. தின்னு. மனசு தெளியும்."

சடையனின் கை பழக்கத்தில் நீண்டது. பாதியில் நின்றது. முதன்முறையாக அவன் வயிற்றைக் கேட்டுப் பார்த்தான். வயிறு காலையில் தின்றதிலேயே நிறைந்து கிடந்தது. நெஞ்சுதான் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் பசிக்கல" என்றான் மெதுவாக. "பயமா இருக்கு. கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருறியா?"

பொன்னாயி பழத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் அருகில் உட்கார்ந்தாள். கீறல் படாத இடமாகப் பார்த்துப் பேன் எடுக்கத் தொடங்கினாள். சிறிது நேரத்தில் சடையனின் நடுக்கம் நின்றது. அவன் எதுவுமே தின்னவில்லை.

வயிறு கேட்டால் உணவு கொடு. சலிப்பும் பயமும் பசிபோல வேடமிட்டு வந்தால், அவற்றுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேள்.