நரிக்குரலில் பேசிய கரிச்சான்

ஒரு கரிச்சான் குருவி ஒரு கூட்டத்தையே ஏமாற்றிய கதை இது. வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் இப்போதே இல்லை. கொஞ்சம் அழுகை பாக்கி இருக்கிறது, முதலில் அதை முடித்துவிடுவோம்.

அந்தக் கரிச்சானின் பெயர் வாலப்பன். எந்தக் குரலையும் அப்படியே எடுப்பான். பருந்துபோலக் கூவிக் கோழிகளைப் பதறவைப்பான். கள் இறக்குகிறவரின் இருமலை இருமி, அவரையே திரும்பிப் பார்க்கவைப்பான். எல்லாம் சரி, அந்தி சாய்ந்தால் மட்டும் குளக்கரைப் பனையில் தொங்கும் கள்ளுக்கலயத்துக்குள் அவன் தலை இருக்கும்.

போன வேனிலில் அவன் மனைவி மையம்மா இரை தேடப் போயிருந்தாள். கூட்டைக் காக்க வேண்டிய வாலப்பன் பனைமட்டையில் மயங்கிக் கிடந்தான். பருந்து வந்தது. மூன்று குஞ்சுகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மையம்மா சண்டை போடவில்லை. "குடியை விடுற வரைக்கும் என் கூட்டுப் பக்கம் வராதே" என்றாள். அவ்வளவுதான்.

விட்டான், மூன்று நாள். நான்காம் நாள் மறுபடியும் கலயம்.

அதே குளக்கரையில், குடித்துச் சீரழிந்து மீண்டவர்கள் தினமும் அந்தியில் கூடுவார்கள். கரடி பொம்மக்கா, மரநாய் சடையன், இன்னும் நாலைந்து பேர். வட்டமாக, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்வார்கள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எதிரே முகம் இருந்தால் வாய் பொய் சொல்லும் என்பது பொம்மக்காவின் கட்சி. பேசுவதற்கு முன் குளத்து நீரைத் தொட்டுக் கும்பிடுவார்கள்: "சாமி, எங்களால ஆகல. இன்னிக்கு ஒருநாள் நீ பாத்துக்க."

இதைப் பார்த்ததும் வாலப்பனுக்கு அலகு அரித்தது. திரும்பிப் பார்க்காத கூட்டம்! இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தாழம்புதருக்குள் புகுந்து நரிக்குரல் எடுத்தான். தானும் ஒரு குடிகார நரி என்றும், வெட்கத்தால் புதருக்குள் இருப்பதாகவும் ஊளையிட்டான்.

"சொல்லுங்க நரியண்ணே" என்றது கரடி.

கதை ஒன்று வேண்டுமே. அவசரத்துக்குச் சொந்தக் கதையையே எடுத்துவிட்டான். கூட்டில் இருந்த பிள்ளையைப் பருந்து தூக்கியதைச் சொல்லும்போது நரிக்குரல் லேசாகக் கம்மியது. நடிப்பு பிரமாதம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான். கடைசியில் பொம்மக்கா, நாளைக்கும் வரச் சொன்னது.

மறுநாளும் போனான். குடித்தால் நாக்கு குழறி நரி காக்கையாகிவிடும். ஆகவே கலயத்துப் பக்கம் போகாமல் போனான். கள்ளுக்குத் தவித்த நாட்களில் சடையன் தன் கஷ்டத்தைச் சொன்னது. நரி ஆறுதல் சொன்னது. ஒருநாள் சடையன் தாங்க முடியாமல் பாதிப் பனை ஏறிவிட்டது. நரிக்குரல்தான் மணிக்கணக்காகப் பேசிக் கீழே இறக்கியது. விளையாட்டுக்குக் கும்பிட்ட சாமியை அன்றைக்கு வாலப்பன் நிஜமாகவே கும்பிட்டான்.

மழை வந்து போனது. பனி வந்து போனது. வேனில் வந்ததும் மையம்மா புதுக் கூடு கட்டத் தொடங்கினாள். தள்ளி நின்ற வாலப்பனிடம் கள் வாடை இல்லாததைக் கவனித்தாள். பிறகு நார் ஒன்றை அவன் அலகில் கொடுத்தாள். குஞ்சு பொரித்த வாரமே பருந்து வந்தது. வாலப்பன் அதன் பிடரியைக் கொத்திக் குளம் தாண்டி விரட்டினான். அந்த வருஷம் மூன்று குஞ்சுகளும் பறந்தன.

அந்தச் சந்தோஷத்தில் தன் குறும்பின் குட்டை உடைக்க ஓடினான். வட்டத்துக்கு எதிரே இறங்கி, சொந்தக் குரலில், "அடேய், நரியே கிடையாது! இத்தனை நாளும் நான்தான்!" என்று கத்தினான்.

யாரும் திடுக்கிடவில்லை.

"தெரியும் தம்பி" என்றது கரடி. "நரி எங்கேடா கூடு கட்டுது?"

சடையன் குலுங்கியது. முதுகோடு முதுகு ஒட்டியிருந்ததால் சிரிப்பு வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது.

"முதல் நாளே தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுநாள் வந்திருப்பியா?"

வாலப்பன் அண்ணாந்து பார்த்தான். மேலே கலயங்கள் தளும்பிக்கொண்டிருந்தன. கடைசியாக எப்போது குடித்தோம் என்று அவனுக்கு ஞாபகமே வரவில்லை. இத்தனை நாளும் ஏமாந்தது யார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தனியாக நின்றால் மூன்று நாள்கூடத் தாங்காத உறுதி, சாய்ந்துகொள்ள நாலு முதுகும் கும்பிட ஒரு சாமியும் இருந்தால் ஆயுள் முழுக்க நிற்கும்.