நடுவில் விட்டுப்போன மேகம்

பேரம் முடிவதற்குள் கையை உதறிக்கொண்டு ஓடியவன் நீதான். பழியைச் செங்கோடன்மேல் போடாதே. அவன் சிரித்தான், அவ்வளவுதான். சிரிப்புக்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவன் பேச்சுக்கே உட்கார்ந்திருக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் விண்மீன் மண்டலங்கள் வாய் திறந்து பேசின. கணக்கில்லாத விண்மீன்கள் குடியிருக்கும் ஊர்தான் ஒரு மண்டலம். ஒவ்வொரு மண்டலத்தின் தோளிலும் குளிர்ந்த மேகம் ஒன்று துண்டுபோலக் கிடக்கும். புது விண்மீன்கள் பிறப்பது அதன் மடியில்தான். நீயும் அப்படி ஒரு மண்டலம்தான். உன் தோளில் கிடந்த மேகம்தான் மஞ்சி.

மண்டலங்கள் கொத்தாகக் கூடி வாழ வந்தபோது, நடுவிடம் யாருக்கு என்று உனக்கும் செங்கோடன் என்ற மண்டலத்துக்கும் பேச்சு வந்தது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அங்கேயும் அதே வழக்கம்தான். இருவர் மேகத்தையும் கைகள்மேல் போர்த்தினீர்கள். பேச்சு முடியும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் துண்டு அங்கேயே கிடந்துவிடும். இது உனக்குத் தெரியாததா?

செங்கோடன் விரலை அழுத்தி, ஆளுக்குக் கொஞ்ச காலம் நடுவில் இருப்போம் என்றான். நியாயமான பேச்சு. நீயோ நடுவிடம் முழுசும் உனக்கே வேண்டும் என்றாய்.

“உன் உடம்பைவிட ஆசை பெருசா இருக்கே, தம்பி” என்று அவன் சிரித்தான்.

உனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கையை உதறி, அவனுக்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் பாய்ந்தாய். விண்மீன்களுக்கு இடையில் தாராளமாக இடம் இருந்ததால் ஒன்றுக்கும் கீறல்கூட இல்லை. மேகம் அப்படியா? மஞ்சியும் செங்கோடனின் மேகமும் மோதி, ஒன்றோடொன்று சிக்கி, நடுவிலேயே நின்றுவிட்டன. மோதிய வேகத்தில் மஞ்சி கொதித்துப்போனாள்.

“ஐயா, என்னை எடுத்துக்கிட்டுப் போங்க. ஆறிட்டேன்னா இன்னும் பெத்துக் குடுப்பேன்” என்றாள்.

“கிடந்து வேகு. விட்ட சரக்கை நான் திரும்பிப் பார்க்கிறதில்ல” என்றாய்.

கொதிக்கிற மடியில் விண்மீன் பிறக்குமா? உன் ஊரில் அதன்பிறகு தொட்டில் ஆடவில்லை. இருக்கிற விண்மீன்களும் சிவந்து கிழடாகிக்கொண்டிருக்கின்றன. சிரித்த செங்கோடனும் வெறுந்தோளோடுதான் நிற்கிறான்.

மஞ்சி கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அத்தனை கொதிப்பில் அவள் அழைப்பு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக வரவில்லை. எக்ஸ்ரே கதிராகத்தான் வந்தது. பூமிவரை வந்த அதை, பூமியைப் போர்த்தியிருந்த காற்று மறித்தது.

“உன் கஷ்டம் புரியுது தாயி. உள்ளே விட்டா என் புள்ளைங்க தாங்காது” என்றது. காற்றைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று முதல்தான் மண்டலக் கொத்துகளின் நடுவே, அங்குள்ள விண்மீன்கள் அனைத்தையும்விடக் கனமாக, கொதிவாயு கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்து கிடக்கிறது. அதைப் பார்க்க மனிதர்கள் காற்றுக்கும் மேலே எக்ஸ்ரே கண்ணை ஏற்றி அனுப்புவதும் அதனால்தான். முன்பின் அறியாதவர்களே அவள் எவ்வளவு கொதிக்கிறாள் என்று விசாரிக்கிறார்கள். நீ அவளைத்தான் சுற்றி வருகிறாய். ஒவ்வொரு சுற்றிலும் அவளுக்குள் நுழைந்துதான் போகிறாய். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அடுத்த சுற்றில் நில். செங்கோடனிடம் கையை நீட்டு. விட்ட பேச்சை முடித்துவிட்டு, மஞ்சியை எடுத்துத் தோளில் போடு.