ஜன்னல் திட்டில் ஒரு பழம்

இது நான் நேரில் பார்த்தது இல்லை. முத்துப்பேச்சியின் அறைத்தோழி ஷைனி சொன்னது. ஷைனி நாகர்கோவில்காரி. எதைச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் எனக்குச் சந்தேகம் வந்த இடங்களை விட்டுவிட்டேன். பேச்சியும் பேராசிரியரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஷைனியிடம் பேச்சி அதைத் தமிழில் சொன்னாள். அந்தத் தமிழிலேயே எழுதுகிறேன்.

பேச்சிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அவள் பெல்ஜியத்துக்குப் படிக்கக் கிளம்பியபோது தெருமுனையில் அவள் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பழைய நெதர்லாந்து ஓவியங்களின் வரலாறு என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாததால் 'வெளிநாட்டில் உயர்கல்வி' என்று மட்டும் போட்டிருந்தது.

அவளுடைய பேராசிரியர் பெயர் ஹெட்விக். வகுப்பில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பேச்சிக்கு வாய் வரவில்லை. மேடம் என்றாள்.

மார்ச் மாதம் ஹெட்விக் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஓவியத்தின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் தாளில் எழுதிக் கொடுத்தார். நேரில் போய், குறைந்தது நான்கு மணி நேரம் அதன் முன்னால் இருந்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். யார் என்றைக்குப் போகிறார் என்று ஒரு தாளில் எழுதி வகுப்பறைக் கதவில் ஒட்டினார்கள். பேச்சியின் பெயருக்கு எதிரே புதன்கிழமை என்று இருந்தது.

பேச்சிக்குப் பயம். நேரில் போய் நின்று ஒன்றுமே தோன்றாவிட்டால் என்ன செய்வது? மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்து, அந்த ஓவியத்தைப் பற்றி வந்த புத்தகங்களை எல்லாம் படித்து, பதினொரு பக்கம் எழுதினாள். கடைசி வரி: 'நான்கு மணி நேரம் இந்த ஓவியத்தின் முன்னால் இருந்து பார்த்தேன்.' புதன்கிழமை எப்படியும் போகத்தானே போகிறோம், அந்த வரி அப்போது உண்மையாகிவிடும் என்று நினைத்தாள். முன்கூட்டியே கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று திங்கள்கிழமையே கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை ஹெட்விக்கிடமிருந்து ஒரு வரி வந்தது. "புதன்கிழமை நானும் உன்னோடு வருகிறேன்."

அப்போதுதான் கதவில் ஒட்டிய தாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் இன்னும் போகவில்லை என்று அதைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

"ஏட்டி, பரீட்சைக்கு ரெண்டு நாள் முந்தியே விடைத்தாளக் குடுத்த மொத ஆளு நீதான்" என்றாள் ஷைனி. சொன்ன பிறகுதான் பேச்சியின் முகத்தைப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பொய்யாக எழுதியது தெரிந்தால் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குக் குழுவுக்குப் போகும். அங்கே போனவர்கள் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பினார்கள். பேச்சி அழவில்லை. "அந்த ஃப்ளெக்ஸ இன்னும் கழட்டலடி" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை ரயிலில் ஹெட்விக் ஜன்னலோரம் உட்கார்ந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினொரு பக்கமும் அவர் பையில் இருந்தன.

சின்ன ஊர். சின்ன ஆலயம். ஓவியம் பீடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்நூறு வருடம் பழையது. நடுவில் ஒரு பலகை. இரண்டு பக்கமும் கதவு போல மூடுகிற இரண்டு பலகைகள். உள்ளே மரியாளும் குழந்தையும், சிவப்புப் போர்வை, ஜன்னல், தூரத்தில் ஓர் ஆறு. எல்லாம் பேச்சிக்கு மனப்பாடம்.

கதவு மூடியிருந்தது.

மூடிய கதவுகளின் வெளிப்பக்கத்தில் இரண்டு உருவங்கள் மட்டும் இருந்தன. கற்சிலை போலத் தெரியும்படி சாம்பல் நிறத்தில் வரைந்தவை.

ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் சாவிக்கொத்தோடு வந்தார். "தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் திறக்க மாட்டோம். எப்பவும் அப்படித்தான்."

பேச்சி ஹெட்விக் பக்கம் திரும்பினாள்.

"மேடம், மூடியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் எனக்கு இதைக் குடுத்தீங்க?"

"நான் குடுத்த தாள்ல உள்பக்கம்னு எழுதியிருந்துச்சா?"

"இல்ல."

ஹெட்விக் பையிலிருந்து பதினொரு பக்கத்தையும் எடுத்தார். கடைசிப் பக்கத்தை மேலே வைத்து அவளிடம் நீட்டினார்.

"கடைசி வரியைப் படி."

பேச்சி படித்தாள். ஆலயத்தில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. பெரியவர் நாசூக்காக வேறு பக்கம் நடந்தார்.

"என்னைத் திருப்பி அனுப்பிருவாங்களா மேடம்?"

ஹெட்விக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப பத்தரை. நம்ம ரயில் மூணு மணிக்கு." ஒரு நாற்காலியை இழுத்து ஓவியத்தின் முன்னால் போட்டார். "இந்த ஒரு வரியை முதல்ல உண்மையாக்கிடு." பிறகு பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் ஒரு மணி நேரம் பேச்சி ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மணி நேரத்தில் அந்த இரண்டு உருவங்களும் யார் என்று ஞாபகப்படுத்தப் பார்த்தாள். வெளிப்பக்கத்தைப் பற்றிப் புத்தகங்களில் ஒரு வரிதான் இருந்தது. அதை அவள் குறித்துக்கொள்ளவில்லை. குளிர்ந்தது. எழுந்து நின்றாள். பக்கத்தில் போனாள். தள்ளி வந்தாள்.

ஒரு மணி சுமாருக்கு வெயில் வந்தது. வலப்பக்கத்து ஜன்னல் வழியாக வந்து பலகையின் மேல் விழுந்தது. மரச்சட்டத்தின் நிழல் இடப்பக்கம் சாய்ந்தது. வரைந்திருந்த இரண்டு சிலைகளின் நிழல்களும் அதே பக்கம், அதே சாய்வில் இருந்தன. எது மரத்தின் நிழல், எது வர்ணத்தின் நிழல் என்று கொஞ்ச நேரம் அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் வெயில் போய்விட்டது. மரத்தின் நிழல் மறைந்தது. வர்ண நிழல் மட்டும் நின்றது.

இரண்டு கதவுகளும் சேருகிற விளிம்பில் ஓர் இடத்தில் வர்ணமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்தது. அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. திறக்கிறவர்கள் கை வைக்கிற இடம்.

ரயிலுக்குக் கிளம்பும்போது அவளிடம் அரைப் பக்கம்தான் இருந்தது. ஹெட்விக் அதை வாங்கி ரயிலில் இரண்டு தடவை படித்தார்.

"வெயில் எத்தனை நிமிஷம் இருந்துச்சு?"

"சரியாப் பாக்கல மேடம். அரை மணி நேரம் இருக்கும்."

"பாக்கலைன்னு எழுது."

பேச்சி எழுதிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "மேடம், குழுவுக்கு அனுப்பப் போறீங்களா?"

"ஈஸ்டருக்கு அடுத்த நாள் திரும்ப வருவோம். அப்ப சொல்றேன்."

இரண்டரை வாரம். பேச்சி சரியாகச் சாப்பிடவில்லை என்று ஷைனி சொன்னாள். இதை நான் நம்புகிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஈஸ்டருக்கு அடுத்த நாள் கதவுகள் திறந்திருந்தன. ஹெட்விக் அவள் கையில் பதினொரு பக்கத்தையும் கொடுத்தார். "சரிபாரு."

பேச்சி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். போர்வை சிவப்புத்தான். ஆறு இருந்தது. ஆற்றில் படகு, படகில் இரண்டு பேர். குழந்தையின் இடது கால் கட்டைவிரல் கொஞ்சம் மடங்கியிருந்தது. மூன்று பக்கம் வரைக்கும் ஒரு பிழை இல்லை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நாலாவது பக்கத்தில் நின்றாள். ஓவியத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பெரியவரைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"ஐயா, ஓவியத்துல ஜன்னல் திட்டுல இருந்த பழத்தை யாராச்சும் சுத்தம் பண்றப்ப அழிச்சிட்டாங்களா?"

பெரியவர் சிரித்தார். "நாப்பத்தஞ்சு வருஷமா இதைத் துடைக்கிறேன். நான் எந்தப் பழத்தையும் பாக்கலம்மா."

பேச்சி திரும்பி வந்தாள்.

"மேடம், இங்க ஒரு செர்ரி இருக்கணும். இல்ல."

"நீ என்ன எழுதியிருக்க?"

"ஜன்னல் திட்டில் ஒரே ஒரு சிவந்த செர்ரிப்பழம். அதோட அர்த்தம் பத்தி அரைப் பக்கம்."

"நீ பாத்த புத்தகத்துல படம் என்ன நிறம்?"

"பழைய புத்தகம் மேடம். கறுப்பு வெள்ளை. அந்த இடத்துல ஒரு கரும்புள்ளி இருந்துச்சு."

"அப்ப சிவப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"படத்துக்குக் கீழ எழுதியிருந்துச்சு. சிவந்த பழம்னு."

"அதை எழுதினவங்க எங்க இருந்து பாத்தாங்க?"

பேச்சி யோசித்தாள். "தெரியல மேடம்."

ஹெட்விக் பையிலிருந்து அந்த அரைப் பக்கத்தை எடுத்தார். ஒரு கையில் அதை வைத்துக்கொண்டு, மறு கையைப் பதினொரு பக்கத்துக்காக நீட்டினார்.

"ரெண்டுல ஒண்ணைத்தான் உன் பேர்ல ஃபைல்ல வைக்க முடியும். எதை வைக்கட்டும்?"

"அந்த அரைப் பக்கத்தை."

"மார்க் குறையும்."

"பரவால்ல மேடம்."

ஹெட்விக் அரைப் பக்கத்தைப் பையில் வைத்தார். நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார். பதினொரு பக்கமும் பேச்சியிடமே இருந்தன.

"அப்ப குழுவுக்கு?"

"எதை அனுப்பறது? என்கிட்ட இருக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

பேச்சிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஹெட்விக் அவளைப் பார்க்காமல் ஜன்னல் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்தார்.

"அந்தக் குறிப்பை எழுதினவங்க லைப்ரரியில இருந்துதான் பாத்தாங்க" என்றார். "இருபத்தாறு வயசு. முதல் வேலை. அவங்க வீட்டுலயும் அதுக்கு முன்னாடி யாரும் காலேஜுக்குப் போனதில்ல. ஒரு மாசத்துல அறுபது ஓவியத்துக்குக் குறிப்பு எழுதணும். அந்தப் புள்ளி ஃபோட்டோவுல இருந்த தூசு."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"அந்தப் பழத்தை அங்க வச்சது நான்தான்."

அடுத்த வருடம் நானும் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ஷைனி சொன்னதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள நூலகத்தில் தேடினேன். அந்தப் பழைய புத்தகம் இருக்கிறது. குறிப்பின் கீழே ஹெட்விக்கின் பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. அந்தப் புத்தகம் வந்து இரண்டு வருடம் கழித்து ஒரு சிறிய ஆய்விதழில் அவர் பெயரிலேயே மூன்று வரித் திருத்தம் வந்திருக்கிறது: 'ஜன்னல் திட்டில் எதுவும் இல்லை. நான் நேரில் பார்க்காமல் எழுதினேன்.' அந்தச் செர்ரியைப் பற்றி எழுதிய வேறு நான்கு புத்தகங்களும் எங்கள் நூலகத்தில் உள்ளன. நான்குமே அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தவை.