அம்பலவாணருக்குக் கிடைத்த யானை

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்ததை நினைத்த நொடியில் செய்துவிட வேண்டும் அவனுக்கு. சாப்பாட்டுக்கு நடுவில் வேட்டைக்குக் கிளம்புவான். வேட்டைக்கு நடுவில் தூக்கம் வருகிறது என்று திரும்பிவிடுவான். அப்படிப்பட்ட ராஜாவை வைத்துக்கொண்டு நாடு கவிழாமல் பார்த்துக்கொண்டவர் மந்திரி அம்பலவாணர்.

அந்த அம்பலவாணர், தலை நரைப்பதற்கு முன்பே ஒருநாள் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராஜா முன்னால் வைத்துவிட்டார்.

"போதும் அரசே. இத்தனை வருஷம் சேர்த்தது எனக்கும் என் மனைவிக்கும் காணும். நாவல்குறிச்சியில் போய் இருக்கிறோம்" என்றார். ராஜா கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

நாவல்குறிச்சியில் ஒரு கூரை வீடு, ஒரு குதிர் நெல், துண்டு நிலம், ஒரு பசு. காலையில் பழைய சோறு, சாயங்காலம் கொல்லைக் கீரை. விளக்குக்கு எண்ணெய் செலவாகாமல் பொழுதோடு படுத்துவிடுவார்கள். அரண்மனை விருந்து தின்று வந்த வயிற்றுவலி அவருக்கு நின்றே போயிற்று. ஆனாலும் வெயில் தாழ்ந்தால் அவர் கண் தலைநகர் இருக்கும் பக்கம் போய்விடும்.

"இந்நேரம் சபை கலைந்திருக்கும். ராஜா செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்" என்பார்.

"எடுத்துக் கொடுக்கப் போகணுமாக்கும்?" என்று சிரிப்பாள் மனைவி தையல்நாயகி.

ராஜாவுக்கும் அதே கதைதான். எதற்கெடுத்தாலும் "அம்பலவாணர் இருந்தால்..." என்று ஒரு பெருமூச்சு. அதைக் கேட்டுக் கேட்டுப் புது மந்திரி மகுடேசருக்கு வயிறு எரிந்தது. அந்த மனுஷன் ஒருமுறை கையேந்தி வந்து நின்றால் இந்தப் பெருமூச்சு நின்றுவிடும் என்று நினைத்தார்.

"அரசே, நம் யானை கற்பகத்தை அவருக்குப் பரிசாக அனுப்புவோம். தீனி போட்டுச் சேமிப்பு கரைந்தால் தானே திரும்பி வருவார்."

'திரும்பி வருவார்' என்பது மட்டும்தான் ராஜா காதில் விழுந்தது. "இப்போதே அனுப்பும்!" என்றான்.

யானை வந்தது. கூடவே வந்த பாகன் ஊர் நடுவில் நின்று கூவினான்: "அரச பரிசு! விற்கக் கூடாது, வேலை வாங்கக் கூடாது, சங்கிலி போடக் கூடாது! எங்கே போனாலும் யாரும் மறிக்கக் கூடாது! மறித்தால் கசையடி! மந்திரி மகுடேசர் வகுத்த விதி!"

கற்பகம் முதலில் வாழைகளைத் தின்றது. பிறகு வைக்கோல் போரைத் தின்றது. அப்புறம் கூரையைப் பிரித்துத் தும்பிக்கையை நேரே குதிருக்குள் விட்டது. பல வருஷத்துச் சிக்கனம் கண்ணெதிரே நெல் நெல்லாகப் போவதைப் பார்த்துத் தையல்நாயகி அழுதுவிட்டாள்.

"இன்னும் நாலு நாள் போனா நாம பிச்சைக்குத்தான் போகணுங்க."

அம்பலவாணர் பாகனைக் கூப்பிட்டார். "ஏனப்பா, தலைநகரத்தில் இதற்கு ரொம்பப் பிடித்த இடம் எது?"

பாகன் தலையைச் சொறிந்தான். "மகுடேசர் ஐயாவோட கரும்புத் தோட்டம் சாமி. குளிக்கக் கூட்டிப் போறப்போ அந்த வாசனைக்கே நின்னுடும். அங்குசம் போட்டுத்தான் இழுத்துட்டுப் போவேன்."

"பாவம், ஆசைப்பட்டதைத் தின்னட்டும். வா, போகலாம்."

தலைநகருக்குள் நுழைந்ததும் அம்பலவாணரின் நடை தளர்ந்தது. அதே கோட்டை முரசு, பூக்கடைத் தெருவில் அதே பிச்சிப்பூ மணம். ஒரு கிழக் காவல்காரன் ஓடிவந்து, "ஐயா, வந்துட்டீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அம்பலவாணர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கற்பகத்தைத் தோட்டத்து ஓரத்தில் விட்டுவிட்டு அவர் சபைக்கு வந்து ராஜாவை வணங்கிய சற்று நேரத்தில், மேல்துண்டு எங்கோ விழ மகுடேசர் ஓடிவந்தார்.

"அரசே, அநியாயம்! யானை என் கரும்பையெல்லாம் தின்கிறது!"

"மறிப்பதுதானே?" என்றான் ராஜா.

"மறிக்கலாம் அரசே," என்றார் அம்பலவாணர். "கசையடி மட்டும் விழும். அந்த விதியை வகுத்த மகான் யாரென்று தெரிந்தால், மாற்றச் சொல்லிக் காலில் விழலாம்."

சபை முழுக்கச் சிரிப்பு.

"இன்றைக்குச் சாயங்காலம் வரை தாங்குமா உம்முடைய தோட்டம்?" என்று ராஜா கேட்டான்.

"மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது அரசே!"

"ஊர் அகலத் தோட்டம் வைத்திருக்கும் உமக்கே அரைநாள் தாங்காத யானையை, ஒரு குதிர் நெல் வைத்திருப்பவர் வீட்டுக்கு அனுப்பச் சொன்னீரே! போம். உம் கையாலேயே கரும்பு வெட்டிப் போட்டுக் கற்பகத்தை யானைக் கொட்டிலுக்குக் கூட்டி வாரும்."

மகுடேசர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். ராஜா சபையைக் கலைத்தான். இரண்டு பேரும் தனியானார்கள். அவன் காதோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் அம்பலவாணர் கவனித்தார்.

"அம்பலம், சம்மதித்தது நான்தான். நீர் திரும்பி வருவீர் என்று மகுடேசர் சொன்னார்."

"வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேனே."

"வேலைக்கா?"

"இல்லை. சும்மா பேசிக்கொண்டிருக்க."

ராஜாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினான். "நாவல்குறிச்சியையே உமக்கு எழுதித் தருகிறேன்!"

"வேண்டாம் அரசே. ஊர் என்றால் வரி வாங்க ஆள் வேண்டும், அந்த ஆளைக் கண்காணிக்க இன்னோர் ஆள் வேண்டும். கடைசியில் நான் பழையபடி மந்திரியாகிவிடுவேன். யானை தின்ற நெல்லையும் கூரையையும் தந்தால் போதும். அறுப்பு முடிந்ததும் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்."

தை மாதம் ராஜா வந்தான். கிரீடம் இல்லை, குடை இல்லை, ஒற்றைக் குதிரை. தையல்நாயகி கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். பட்டம் கட்டிய புதிதில் இருவரும் மழையில் வழி தவறியதையும், ஒரு மாட்டுக் கொட்டகையில் ஒடுங்கிக் கிடந்ததையும் பேசிப் பேசிச் சிரித்தார்கள். ராஜா இரண்டாம் தரம் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு கொஞ்சம் கவலையோடு கேட்டான்:

"அம்பலம், உண்மையைச் சொல்லும். உம்முடைய சேமிப்பு எத்தனை நாளைக்கு வரும்?"

"நீங்கள் இப்படித் தனியாக வந்துபோனால், எங்கள் ஆயுசுக்கும் வரும் அரசே. பரிவாரத்தோடு வந்தால் நாளைக் காலைக்குள் தீர்ந்துபோகும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் தனியாகவே வந்தான்.