ஈயப்பெட்டியும் மூன்று காவலர்களும்

கோணவாய்க்கால்பட்டியில் ஆபத்சகாயம், தைரியநாதன், பொன்னுரங்கம் என்று மூன்று பேர். யோசிக்கிற வேலையை முறைவைத்துச் செய்வார்கள். இன்றைக்கு யார் முறை என்பதில்தான் எப்போதும் தகராறு.

திருவிழாச் சமயம். யாரோ கதிரியக்கப் பொருளைக் கூட்டத்துக்குள் ஒளித்துக்கொண்டு திரிவதாகப் பேச்சு. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, பக்கத்தில் இருந்தாலே உடம்பைக் கெடுக்கும். ஆள் பற்றாக்குறையால் பஸ் ஸ்டாண்டுக் காவலுக்கு இந்த மூவரை அனுப்பினார்கள்.

அதிகாரி ஒரு கருவி, நெல் கொட்டிவைக்கிற பத்தாயம் அளவுக்கு ஓர் ஈயப்பெட்டி, சட்டைப் பித்தான் போல ஒரு துண்டு கொடுத்தார்.

"அந்தச் சாமான் கிட்ட வந்தா கருவி கத்தும். எது கத்த வைக்குதோ அதைப் பெட்டியில போட்டு மூடிடுங்க. ஈயத்தைத் தாண்டி வெளியே வராது. இந்தத் துண்டுலயும் அதே சாமான்தான், ஆபத்தில்லாத அளவு. கருவி வேலை செய்யுதான்னு இதை வெச்சுப் பாருங்க. தொலைச்சிடாதீங்க."

தொலையக் கூடாதே என்று பொன்னுரங்கம் துண்டைச் சட்டைப்பையில் போட்டு ஊக்கு மாட்டிக்கொண்டான். கருவியை நெஞ்சோடு அணைத்தான். அது கத்தியது.

"டேய், வந்த உடனேயா!" என்றான் தைரியநாதன்.

முறுக்கு விற்பவர் வந்தார், கத்தியது. கூடை பெட்டிக்குள் போனது. டிரைவரின் சாப்பாட்டுத் தூக்கு போனது. ஒரு கன்னியாஸ்திரியின் குடையும் போனது. கருவி ஓயவில்லை.

ஏழு மாதப் பிள்ளையோடு ஜெசிந்தா என்ற பெண் பஸ் ஏற வந்தாள். கருவி கத்தியது. பிள்ளை சிரித்தது.

"சிரிக்கிறான் பாருங்கண்ணே. ஒளிக்கிறவன் அப்படித்தான் சிரிப்பான்," என்றான் பொன்னுரங்கம்.

"பிள்ளையைக் கொடும்மா," என்றான் ஆபத்சகாயம். "பெட்டியில போடணும்."

"ஐயோ, பச்சைப் பிள்ளைங்க! மூச்சு முட்டிடும்!"

ஆபத்சகாயம் நிதானமாக யோசித்தான். "மூச்சைப் பத்தி ஐயா ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லலை. மூடச் சொன்னார்," என்றான் தைரியநாதன்.

பிள்ளையின் ஒரு காலைப் பிடித்தான். மீதிப் பிள்ளையை ஜெசிந்தா பிடித்திருந்தாள்.

"அண்ணே, விடுங்க! முதல்ல உங்களுக்குக் கத்துதான்னு பாருங்க!"

நியாயமாகப் பட்டது. பார்த்தார்கள். ஆபத்சகாயத்துக்குக் கத்தியது. தைரியநாதனுக்குக் கத்தியது. பொன்னுரங்கத்துக்குக் கத்தியதில் காது அடைத்தது.

"எனக்குத்தான் கூடுதல்," என்றான் அவன், கொஞ்சம் பெருமையாக.

ஆபத்சகாயம் தொப்பியைக் கழற்றினான். "தம்பிகளா, நமக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டமா?"

கால் விடுபட்டது. கருவியை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு மூவரும் பெட்டிக்குள் இறங்கினார்கள். முறுக்கு நொறுங்கியது. மூடியை அவர்களே இழுத்துச் சாத்திக்கொண்டார்கள்.

கருவி அடங்கிப்போனது.

"தங்கச்சி, கத்துதா?" உள்ளேயிருந்து குரல்.

"இல்லைங்கண்ணே." கருவியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

உள்ளே மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"பிடிச்சிட்டோம்டா!" ஆபத்சகாயத்தின் குரல் தழுதழுத்தது.

"நான் போய் ஐயாகிட்ட சொல்லிட்டு வரட்டா?" என்றான் தைரியநாதன்.

"சும்மா கிட. பிடிபட்டவன் எப்படிடா வெளியே போவான்?"