இடிவிழுந்த வேம்பில் நாலு குஞ்சு

காட்டில் எந்தப் பொந்தில் யார் குஞ்சு வைத்திருக்கிறார்கள் என்பது குங்குமி என்ற மரங்கொத்திக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். பொந்துகளைக் கொத்தியதே அவள்தான். அவள் விட்டுப்போன பழைய பொந்துகளில் கிளியும் மைனாவும் பனங்காடையும் குடியேறும்.

தாய்ப்பறவைகள் ஏரிக்கு இரை தேடப் போகும் நேரம் பார்த்து உடும்பு மரமேறும். அந்த வருடம் மட்டும் ஆறு கூடுகளைக் காலி செய்திருந்தது.

"இனி விடக்கூடாது," என்றான் மைனாக்களின் தலைவன் மஞ்சமூக்கன். "இங்கிருந்து ஏரிவரை பத்து மரத்தில் பத்துப் பேர் உட்காருவோம். உடும்பு ஏறும் பொந்தை ஒருவர் சொல்ல, அடுத்தவர் வாங்கிச் சொல்ல, செய்தி ஏரிக்குப் போய்விடும். இன்றைக்கு ஒத்திகை. எந்தப் பொந்தில் யார் குஞ்சு என்ற உன் பட்டியலைக் கொடு, அக்கா."

"ஒத்திகைக்கு எதற்கு நிஜப் பட்டியல்?"

"நிஜத்தை வைத்துப் பார்த்தால்தானே வேலை செய்கிறதா என்று தெரியும்?"

குங்குமி கீழே பார்த்தாள். பாறைமேல் உடும்பு கண்ணை மூடிக் கிடந்தது.

"நான் தூங்குகிறேன். நீங்கள் பேசுங்கள்," என்றது.

பட்டியலில் முதல் வரி குங்குமியின் பொந்து. உள்ளே மூன்று குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை.

"'ஏதோ ஒரு மரம், ஏதோ ஒரு பொந்து' என்று சொல்லிப் பாருங்கள்," என்றாள்.

சொன்னார்கள். அப்பழுக்கில்லாமல் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. மைனாக்கள் வாலை ஆட்டிக்கொண்டார்கள். குங்குமிக்குத் திருப்தியில்லை.

"நிஜச் செய்தி இத்தனை குட்டையாக இருக்காது, தம்பி. இதை என் குஞ்சுகூடச் சொல்லிவிடும்."

"நானும் அதைத்தானே சொல்கிறேன்? நிஜத்தைக் கொடு."

குங்குமி பட்டையைக் கொத்திக்கொண்டே யோசித்தாள். பிறகு ஒவ்வொரு பொந்துக்கும் பதிலாக, யாரும் குஞ்சு வைக்காத ஒரு பழைய பொந்தைச் சொன்னாள். திசைக்குத் திசை, கிளைக்குக் கிளை, செய்தியின் நீளத்துக்கு நீளம். எதற்குப் பதில் எது என்பதை மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஓடைக்கு வடக்கே, இடிவிழுந்த வேம்பு, மூன்றாம் கிளைக்கு மேல், கிழக்கு பார்த்த பொந்து, நாலு குஞ்சு."

ஏரிக்கரையில் வந்து விழுந்தது இவ்வளவுதான்: "இடிவிழுந்த வேம்பு, நாலு குஞ்சு."

"கிளையை எவன் முழுங்கினான்?" என்று கத்தினான் மஞ்சமூக்கன்.

"ஆறாவது மரத்துச் சித்தப்பா. மூச்சு போதவில்லையாம்," என்றது ஒரு மைனா.

செய்தியை இரண்டு மூச்சாகப் பிரித்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் இருபது செய்திகள் ஒரு சொல் குறையாமல் ஏரியைத் தொட்டன.

அதற்குள் பாறை காலியாகியிருந்தது. ஓடைக்கு வடக்கே தொப்பென்று ஏதோ விழுந்தது. சற்று நேரத்தில் உடும்பு வந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"நாலு என்றீர்கள். நானூறு இருக்கிறது. எல்லாம் குளவி!"

"தெரியும். அதனால்தான் அந்தப் பொந்தை விட்டு வந்தேன்," என்றாள் குங்குமி. "நீதான் தூங்கிக்கொண்டிருந்தாயே, உனக்கு யார் சொன்னது?"

நான்காம் நாள் வீக்கம் வற்றியது. உடும்பு மரம் மரமாக மோப்பம் பிடித்து வந்து, கடைசியில் ஒரு மருதமரத்தில் ஏறியது. அது குங்குமியின் மரம்.

பக்கத்து மரத்திலிருந்து அவள் பார்த்துவிட்டாள். முதல் மைனாவிடம் ஒரே ஒரு நிஜ வரியைச் சொன்னாள். இரண்டு மூச்சு, பத்து மரம். உடும்பு பொந்துக்குள் தலையை நுழைப்பதற்குள் ஏரியே எழுந்து வந்ததுபோல் வானம் சிறகால் இருண்டது. வாலில் ஒரு கொத்து, முதுகில் ஒன்பது. விழுந்தது, எழுந்தது, ஓடையைத் தாண்டி ஓடியது. பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

பொந்துக்குள் மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்துகொண்டு இரை கேட்டன.

ஒத்திகைக்கு நிஜத்தின் அச்சு இருந்தால் போதும், நிஜத்தையே எடுத்து வெளியே வைக்க வேண்டியதில்லை.