முடிவைச் சொல்லாதே

ஒரு குளக்கரையில் நரி ஒன்று கூத்து போட்டது. கூத்தின் பேர் 'முட்டையை எடுத்தது யார்?' திருட்டு, கொலை, துப்பறிதல் எல்லாம் அதில் உண்டு. கதை மட்டும்தான் இல்லை.

முதல் காட்சியிலேயே மரநாய் செத்து விழும். அப்புறம் நரி துப்பறிய வரும். துப்பறிகிற நரியே திருடனாகிவிடும். பிறகு அது கனவாம். கனவு கண்டது யார் என்று யோசிப்பதற்குள் இடைவேளை விட்டுவிடும். கடைசியில், செத்துப்போன மரநாய் வாயெல்லாம் மஞ்சளாக எழுந்து வந்து கும்பிடு போடும். அவ்வளவுதான் கூத்து. திருடன் யார் என்று கடைசிவரை சொல்வதே இல்லை.

பார்த்த ஒன்றுக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. குரங்கு புளியமரத்தில் ஏறி உட்கார்ந்து விளக்கம் சொன்னது. செத்தது மரநாய் இல்லையாம், அதன் இரட்டைப்பிறவியாம். கிளி அதை ஒப்புக்கொள்ளவில்லை. கூத்து முழுக்கச் செத்தவனின் நினைவில் நடக்கிறது என்று அடித்துச் சொன்னது. காடே குரங்குக் கட்சி, கிளிக் கட்சி என்று பிரிந்து கத்தியது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்றைக்குக் காடையின் முட்டைகள் காணாமல் போயிருந்தன. காடை அழுதது. பாம்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு எல்லாம் விவாதத்துக்குத் திரும்பின. வெட்கம் கெட்ட ஜென்மங்கள்!

கரையோரச் சரளைக்கல்லில் ஆள்காட்டிப் பறவை ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. வேற்றாள் யார் வந்தாலும் கத்தி ஊரை எழுப்புவதுதான் அதன் பிறவிக் குணம். அதனால்தான் அந்தப் பேரே வந்தது. தூரத்தில் கூட்டிலிருந்தே கூத்தைப் பார்த்த அது, குரங்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"மரநாய் வாயில அந்த மஞ்சள் எப்படி வந்துது?"

குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "அது குறியீடு. உனக்கெல்லாம் ஒரு தடவையில விளங்காது. நாளைக்குக் கிட்ட வந்து பாரு."

முட்டை சூடு ஆறிவிடுமே என்று ஆள்காட்டி தயங்கியது. ரசனை இல்லாதவள் என்று கிளி கேலி செய்தது. நரி மட்டும் ரொம்பப் பரிவாக, முன்வரிசையில் இடம் போட்டு வைப்பதாகச் சொன்னது. அடைகாக்கிற தாயை எழுப்பிக் கூட்டிப்போன பாவத்தை எந்தக் குளத்தில் முழுகித் தொலைப்பார்கள்?

மறுநாளும் மரநாய் செத்து விழுந்தது. மேடையில் கனவு ஓடிக்கொண்டிருந்தது. ஆள்காட்டிக்கு மனசு கொள்ளவில்லை. இடைவேளை விட்டதும் கூட்டுக்குப் பறந்தது. அங்கே, செத்துப்போன மரநாய் கடைசி முட்டையை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி கொத்த வந்ததும் புதருக்குள் ஓடி மறைந்தது.

பெற்ற வயிறு எரிய, ஆள்காட்டி கூத்து நடக்கிற இடத்துக்குத் திரும்பி வந்து அலறியது.

"மரநாய்தான் திருடன்! அது சாகலை! நரி கூத்து காட்டுது, அது போய் முட்டையைத் தின்னுது!"

கூட்டம் கொதித்து எழுந்தது. எதற்குத் தெரியுமா? திருட்டுக்கு இல்லை.

"அடிப்பாவி, முடிவைச் சொல்லிட்டியே!" என்று கத்தியது குரங்கு. அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்த முள்ளம்பன்றி, இனி என்ன இருக்கிறது பார்க்க என்று கண் கலங்கியது. நரி மேடைக்கு வந்து கைகூப்பியது. முடிவை வெளியே சொல்லி மற்றவர்களின் ரசனையைக் கெடுக்க வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆள்காட்டியின் அலகில் சேற்றை அப்பி, அக்கரைக்கு விரட்டிவிட்டார்கள். ஊரைக் காக்கிற வாயை ஊரே அடைத்தது. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றி எரிகிறது.

கடைசியில் மரநாய் வந்து கும்பிட்டது. இன்றைக்கு அந்த மஞ்சளில் ஆழம் கூடியிருக்கிறது என்று கிளி மெய்சிலிர்த்தது.

அதற்கு மறுநாள் கூத்து முடிந்து கிளி பொந்துக்குத் திரும்பியது. பொந்தில் ஓடுகள்தான் கிடந்தன. விடிந்தபோது நரியும் இல்லை, மரநாயும் இல்லை. கிளி அக்கரைக்குப் பறந்து ஆள்காட்டியின் காலில் விழுந்தது.

"நீ ஆள்காட்டியாச்சே! என் முட்டையை எடுத்தது யாருன்னு சொல்லேன்!"

ஆள்காட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முடிவைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆறுதல் சொல்ல வந்த குரங்கு, அந்தக் கூத்தின் கதையை ஒருமுறை நினைத்துப் பார்த்தது. கதை கிடக்கட்டும், பேர்கூட ஞாபகம் வரவில்லை.

புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவன், தன் வீட்டில் நடக்கிற திருட்டையும் கைதட்டித்தான் பார்ப்பான்.